தப்பை ஒத்துக்க ஒரு கிளிக், இல்லைன்னு சொல்ல ஒரு நாள் லீவு

கருமத்தம்பட்டியில கார் எடுத்து, நீலம்பூர்ல பைபாஸ் ஏறி, மதுக்கரையைத் தாண்டிப் போற வரைக்கும் நம்ம சனம் சீட் பெல்ட்டைத் தொடாது. வாளையார் பக்கம் வந்ததும் வண்டிக்குள்ள ஒரே சத்தம்தான். டக்கு, டக்கு, டக்கு. பாட்டு கேட்டுட்டு இருந்தவன், தூங்கிட்டு இருந்தவன், முறுக்கு தின்னுட்டு இருந்தவன் எல்லாரும் பெல்ட் மாட்டுவாங்க. குருவாயூர் போயிட்டுத் திரும்பி வரும்போது அதே இடத்துல அதே ஆளுங்க அதே பெல்ட்டைக் கழட்டுவாங்க. உசுரு போறதுக்கும் மாநில எல்லைக்கும் ஏதோ ஒப்பந்தம் இருக்கற மாதிரி!

கேரளாவுல கேமரா திட்டத்தை 2023 ஏப்ரல் 20-ஆம் தேதி தொடங்கி வச்சாங்க. ஜூன் 5-ல இருந்து அபராதம் போட ஆரம்பிச்சாங்க. மொத்தம் 726 கேமரா. அன்னைக்கிருந்து எங்க ஊர் நால்ரோட்டு டீக்கடையில வேகத்தைப் பத்தித்தான் பேச்சு. "726 கேமராவும் ஸ்பீடு பாக்குதாம்"னு ஒருத்தர் சத்தியம் பண்ணுவார். உண்மை அது இல்லீங்க. அதுல 675 ஹெல்மெட், பெல்ட், போன் பேசறது மாதிரி சமாசாரத்துக்கு. வேகம் பார்க்கன்னு இருந்தது எட்டே எட்டு. நாலு கம்பத்துல, நாலு வண்டியில. இதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. டீக்கடை நாயத்துக்கு முன்னாடி புள்ளிவிவரம் எம்மாத்திரம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வெளி மாநிலத்துல இருந்து ஓவர் ஸ்பீடுன்னு செல்போனுக்கு ஒரு சலான் வருது. என்ன பண்றது? இதுல ஊருக்குள்ள ரெண்டு கட்சி இருக்கு.

முதல் கட்சி: "கட்டாதீங்க, அவன் இங்க வந்தா புடிக்கப் போறான்?" இது பழைய காலத்து ஞானம். ஒரு மாநிலத்து போலீஸ் பேப்பர்ல எழுதற சலான் அந்த ஸ்டேஷன் அலமாரியிலேயே செத்துப் போன காலத்துல இது சரி. இப்போ சலான் எல்லாம் மத்திய அரசோட பரிவாஹன் தளத்துல ஏறுது. அது வண்டிப் பதிவு இருக்கற வாகன் தகவல் தொகுப்போட சேர்ந்திருக்கு. வண்டியை விக்கப் போற அன்னைக்கோ, எஃப்.சி. காட்டப் போற அன்னைக்கோ அது பல்லைக் காட்டும். பழைய கார் வாங்க வர்றவங்க டயரைப் பார்க்கறதுக்கு முன்னாடி சலான் பாக்கியைத்தான் பார்க்கறாங்க. அதனால இந்தக் கட்சியோட எனக்குப் பெரிய சண்டை இல்லை. காலமே அவங்களைத் தோக்கடிச்சுரும்.

என் சண்டை எல்லாம் ரெண்டாவது கட்சியோடதான். "ஆயிரம் ரெண்டாயிரம்தானே பாஸ், கட்டிட்டு வேலையைப் பாருங்க. அதுக்குப் போயி ஃபைட் பண்ணிட்டு..." இதைச் சொல்றது பெரும்பாலும் என்னை மாதிரி ஐ.டி. கம்பெனிக்காரங்கதான். ரெண்டு பீட்சா விலைன்னு கணக்கு சொல்லுவாங்க. கேக்க எதார்த்தமாத்தான் இருக்கு. ஆனா இந்த எதார்த்தத்தை நம்பித்தான் முழு ஏற்பாடும் ஓடுது. தப்பு பண்ணாதவனும் கட்டிருவான்கற நம்பிக்கையில.

அதுக்கு முன்னாடி ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன், இல்லைன்னா "வேகமாப் போறவனுக்கு வக்காலத்தா?"ன்னு கிளம்பிருவீங்க. வேகத்துக்கு அபராதம் போடறதுல எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 2022-ல இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல நூத்துக்கு எழுபதுக்கு மேல அதிவேகத்தால. தமிழ்நாட்டுல மட்டும் அந்த வருசம் 17,884 பேர். விபத்துகளோட எண்ணிக்கையில நாமதான் நாட்டுலயே முதலிடம், 64,105. நீலம்பூர்-மதுக்கரை பைபாஸ் ரெண்டு வழிப் பாதையா, நடுவுல தடுப்பு இல்லாம இருந்த காலத்துல அதுல ஓட்டினவங்களுக்கு எதிர்ல ஹை பீம் போட்டு வர்ற லாரியோட அருமை தெரியும்.

இன்னொரு சங்கதி. கேமரா வச்சுத் தப்பைப் பிடிக்கணும்னு நாடு முழுக்க நெருக்குதல் வந்ததுக்குப் பின்னாடி ஒரு கோயமுத்தூர்க்காரர் இருக்கார். கங்கா மருத்துவமனையோட எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல உச்ச நீதிமன்றத்துல ஒரு பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்குலதான் 2014 ஏப்ரல்ல நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில சாலைப் பாதுகாப்புக் குழு வந்தது. அதே வழக்குலதான் 2024 செப்டம்பர்ல, மோட்டார் வாகனச் சட்டத்தோட 136ஏ பிரிவைச் செயல்படுத்துங்கன்னு மாநிலங்களுக்கு உத்தரவு போச்சு. 136ஏ-ங்கறது 2019 திருத்தத்துல வந்த, எந்திரம் வச்சுக் கண்காணிக்கற பிரிவு. நம்மூர்ல உடைஞ்ச காலும் முதுகும் பார்த்துப் பார்த்து ஒரு டாக்டர் வெறுத்துப்போய்த் தொடங்கின வழக்கு அது. அதனால கேமரா வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன்.

எனக்கு இருக்கற கேள்வி வேற. எந்திரம் தப்பாச் சொன்னா என்ன பண்றது?

எந்திரம் தப்பாச் சொல்லும்னு சட்டம் எழுதினவங்களுக்கே தெரியும். அதனாலதான் 2021 ஆகஸ்ட்ல 167ஏ விதியைக் கொண்டு வந்தப்போ அதுல நெறைய நிபந்தனை வச்சாங்க. கருவிக்கு ஒப்புதல் சான்று வேணும், அதை வருசா வருசம் புதுப்பிக்கணும். கேமரா இருக்குன்னு சனங்களுக்குத் தெரியற மாதிரி எச்சரிக்கைப் பலகை வைக்கணும். சலான்ல நம்பர் பிளேட்டும் தப்பும் தெளிவாத் தெரியற படம், கருவி அளந்த அளவு, நாள், நேரம், இடம், எந்தப் பிரிவு, கூடவே மின்னணுச் சாட்சியத்துக்கான சான்று, எல்லாம் இருக்கணும். தப்பு நடந்த 15 நாளைக்குள்ள நோட்டீஸ் போகணும். படிச்சா அருமையா இருக்கு. நல்ல ரிக்வயர்மெண்ட் டாக்குமெண்ட். ஆனா இதுல ஒண்ணு இல்லைன்னா என்ன ஆகும்? யார் கிட்ட சொல்றது? எங்க போய்ச் சொல்றது?

எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல விசைத்தறி வச்சிருக்கற அண்ணன் ஒருத்தர் இருக்கார். எட்டு தறி, கூலிக்கு ஓட்டறார். பாவு, நூல் ஏத்தறதுக்கு ஒரு பழைய குட்டி யானை. 2023 கடைசியில ஒரு நாள் ராத்திரி போனைத் தூக்கிட்டு வந்தார்.

"ஏங் கண்ணு, நீ கம்ப்யூட்டர்லதான இருக்கற. இதென்னமோ இங்கிலீசுல வந்திருக்குது, பாரு. ரெண்டாயிரம்ங்கறான்."

பார்த்தேன். பக்கத்து மாநிலத்துல ஒரு ஹைவேயில மணிக்கு 94 கிலோமீட்டர்ல போனதா சலான். (எந்த மாநிலம்னு சொல்ல மாட்டேன். சொன்னா பேச்சு அந்த மாநிலத்தைத் திட்டறதுலயே முடிஞ்சிரும்.) குட்டி யானை 94-ல போகுமா? அவர் வண்டி காலியா, இறக்கத்துல, பின்காத்து அடிச்சாக்கூட எழுபதைத் தொடாது! படத்தைத் திறந்து பார்த்தா ஒரு வெள்ளைக் கார். பிளேட்ல சேறு. கடைசி எண் மூணா எட்டான்னு எனக்கே ரெண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. எந்திரம் எட்டுன்னு முடிவு பண்ணிருச்சு. எட்டு எங்க அண்ணனோடது.

"இது உங்க வண்டியே இல்லீங்ணா. கார் இது."

"அதான் கண்ணு, அன்னைக்கு நம்ம வண்டி சோமனூர் சைசிங்ல பாவு ஏத்திட்டு நின்னுது. பில்லு இருக்குது."

படம் இருக்கு, சைசிங் பில் இருக்கு, ஆர்.சி. புக்குல இது சரக்கு வண்டின்னே எழுதியிருக்கு. இதைவிடத் தெளிவான கேஸ் உலகத்துலயே கிடையாதுன்னு நெனச்சேன். இணையத்துல புகார்ப் படிவம் இருந்தது. படம், ஆர்.சி., பில் எல்லாத்தையும் சேர்த்து அனுப்பினேன். ஒரு புகார் எண் வந்தது. பதில் வரலை. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி அனுப்பினேன். இன்னொரு எண். அப்புறம் ஒரு நாள் எஸ்.எம்.எஸ். வந்தது, சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருச்சுன்னு.

மெய்நிகர் நீதிமன்றம்னா, அதாங்க விர்ச்சுவல் கோர்ட், பேரைக் கேட்டதும் எனக்குச் சந்தோசம். வீட்டுல உக்காந்து ஜட்ஜ்கிட்ட "ஐயா, இது கார், எங்களது குட்டி யானை"ன்னு சொல்லிரலாம்னு நெனச்சேன். 2019-ல டெல்லியில முதல் மெய்நிகர் நீதிமன்றம் திறந்தப்போ எல்லாரும் கை தட்டினதும் ஞாபகம் வந்தது. தளத்துக்குள்ள போனா ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, குற்றத்தை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டறது. அதுக்கு ஆன்லைன்ல பணம் கட்டலாம், கார்டு, யு.பி.ஐ., எல்லாம் பளபளன்னு இருக்கு. இன்னொண்ணு, எதிர்த்து வழக்காடறேன்னு சொல்றது. அதை அமுக்கினா வழக்கு அந்த எல்லைக்குட்பட்ட சாதாரணக் கோர்ட்டுக்குப் போகுது. அதாவது வேற மாநிலத்துல, வேற பாஷை பேசற ஊர்ல, செங்கல்லும் சுண்ணாம்புமா நிக்கற நெசக் கோர்ட்டு. பணம் வாங்கறதுக்கு மெய்நிகர், நியாயம் கேக்கறதுக்கு நெசம்!

அண்ணன் கணக்குப் போட்டார். தறிக்காரர், கணக்குல புலி. போக வர ஒரு நாள். முதல் வாய்தாவுலயே முடியாது, குறைஞ்சது ரெண்டு நாள். தறி நின்னா கூலி போச்சு. அங்க ஒரு வக்கீலைப் பிடிச்சா அஞ்சாயிரம். ரெண்டாயிரத்துக்காக ஏழெட்டாயிரம்.

கட்டிட்டார். கட்டினப்போ திரையில என்ன எழுதியிருக்குன்னு கேட்டார். குற்றத்தை ஒத்துக்கிட்டுக் கட்டறதா எழுதியிருக்குன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "பணம் போனாப் போகுது. பண்ணாத தப்பைப் பண்ணேன்னு என்னத்துக்குக் கண்ணு எழுதிக் குடுக்கோணும்?"

ரெண்டாவது கட்சிக்காரங்க இதுக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க. ரெண்டு பீட்சாக் கணக்கு இங்க செல்லாது.

"அபூர்வமா நடக்கறதுங்க, ஆயிரத்துல ஒண்ணு"ன்னு சொல்லுவீங்க. இருக்கட்டும். நானும் சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டறவன்தான், ஆயிரத்துல ஒண்ணுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். பத்து லட்சம் சலான் போட்டா ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேருக்கும் அது நூறு சதவீதத் தப்பு. எந்த சிஸ்டம் எழுதினாலும் தப்பு வந்தா எங்க சொல்றதுன்னு ஒரு வழி வைக்காம லைவ்ல விட மாட்டோம். விட்டா கிளையண்ட் செருப்பால அடிப்பான். இங்க கிளையண்ட் யாருன்னுதான் குழப்பம்.

இப்போ சட்டத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். குற்றம் எங்க நடந்ததோ அந்த எல்லைக்குட்பட்ட கோர்ட்டுலதான் விசாரணைங்கறது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 177-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1-ல இருந்து வந்த புதுச் சட்டத்துல அது 197. கொலை, கொள்ளைக்கு இது சரி. சாட்சி அங்க இருப்பான், ரத்தக்கறை அங்க இருக்கும், போலீஸ் அங்க இருக்கும். கேமரா சலானுக்குச் சாட்சி யாரு? ஒரு படம். ஒரு எண். கூடவே ஒரு சான்றிதழ். மூணும் சர்வர்ல இருக்கு. அதை சூலூர்ல இருந்து பார்த்தாலும் ஒண்ணுதான், சூரத்ல இருந்து பார்த்தாலும் ஒண்ணுதான். ஃபைலைப் பார்க்க மனுசன் பஸ் ஏற வேண்டியதில்லை.

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 208-னு ஒரு பிரிவு. சின்னக் குற்றத்துக்கு சம்மன் வந்தா நீங்க நேர்ல போக வேண்டாம். வக்கீலை அனுப்பலாம், இல்லை மணியார்டர் கூப்பன்லயே "குற்றத்தை ஒத்துக்கறேன்"னு எழுதி, பணத்தை அனுப்பிட்டா முடிஞ்சுது. அதாவது இன்டர்நெட்டே இல்லாத காலத்துல, தபால்ல குற்றத்தை ஒத்துக்கலாம். தபால்ல "நான் பண்ணலை"ன்னு சொல்ல முடியாது. 1988-ல இருந்து இன்னைக்கு வரைக்கும் மாறினது தபால் யு.பி.ஐ. ஆனது மட்டும்தான்.

"அதெப்படிங்க, எல்லாரும் அவங்கவங்க ஊர்ல உக்காந்துக்கிட்டு கேஸ் நடத்தினா சட்டம் என்னத்துக்கு ஆகும்?" ஆகும்ங்க. ஏற்கெனவே ஆகிட்டுத்தான் இருக்கு.

இதே மோட்டார் வாகனச் சட்டத்தைக் கொஞ்சம் முன்னாடி புரட்டுங்க. 166-ஆவது பிரிவு, விபத்து நஷ்டஈடு. உங்களுக்கு ராஜஸ்தான்ல அடிபட்டாலும், நீங்க குடியிருக்கற ஊர்லயே வழக்குப் போடலாம். 1994-ல திருத்தினாங்க. அடிபட்டவன் எல்லை தாண்டிப் போய் அலையக் கூடாதுங்கற ஒரே காரணம்.

இன்னும் நம்ம ஊருக்கு நெருக்கமா வேணுமா? செக் பவுன்ஸ். சோமனூர், திருப்பூர் யாவாரிகளைக் கேளுங்க. 2014-ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லுச்சு. செக் குடுத்தவனோட பேங்க் எங்க இருக்கோ அங்கதான் வழக்குன்னு. துணியை வாங்கிட்டு டெல்லிக்காரன் செக் குடுத்தா, அது திரும்பி வந்தா, நாம டெல்லிக்குப் போகணும். நாடு பூரா யாவாரிங்க கத்தினாங்க. 2015-ல சட்டத்தையே திருத்தினாங்க. பணம் வர வேண்டியவன் கணக்கு வச்சிருக்கற பேங்க் கிளை எங்கயோ அங்க வழக்கு. அது குற்ற வழக்குங்க, சிவில் இல்லை. ஆக, குற்றம்னாலே இடம் மாத்த முடியாதுன்னு சொல்றதுல அர்த்தம் இல்லை. யாவாரி கத்தினா மாத்துவாங்க. குட்டி யானைக்காரர் கத்தினா கேக்காது. 2019 நுகர்வோர் சட்டம்கூட நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே புகார் குடுக்கலாம்னு சொல்லுது, வீடியோவுல விசாரிக்கவும் வழி வச்சிருக்கு. மிக்ஸி ரிப்பேருக்கு இருக்கற மரியாதை இதுக்கு இல்லையா?

ஆன்சைட் போய் வந்தவங்களுக்கு ஒரு உதாரணம். கலிபோர்னியாவுல ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினா, கோர்ட்டுக்குப் போகாம எழுத்து மூலமாவே விசாரணை கேக்கலாம். அபராதத் தொகையை முன்கூட்டியே கட்டிடணும். நீங்க உங்க பக்கத்தை எழுதி அனுப்பணும், டிக்கெட் குடுத்த அதிகாரி அவர் பக்கத்தை எழுதி அனுப்புவார், நீதிபதி ரெண்டையும் படிச்சுத் தீர்ப்புச் சொல்லுவார். குற்றம் இல்லைன்னா பணம் திரும்ப வரும். தோத்தா, நேர்ல புது விசாரணை கேக்கறதுக்கும் வழி உண்டு. லாஸ் ஏஞ்சலஸ்ல மாட்டின சான் ஹோசேக்காரன் லீவு போட வேண்டியதில்லை. "இதை விட்டா எல்லாரும் சும்மா எதிர்ப்பாங்க, கோர்ட்டு தாங்காது"ங்கறவங்களுக்கு அதுலயே பதில் இருக்கு: பணத்தை முதல்ல கட்டச் சொல்லுங்க. சும்மா எதிர்க்கறவன் அங்கயே கழண்டுக்குவான். எங்க அண்ணன் கட்டியிருப்பார். எப்படியும் கட்டினாரே.

ஐரோப்பாவுல இன்னொரு நல்ல பழக்கம். ஒரு நாட்டு வண்டி இன்னொரு நாட்டுல வேகமாப் போனா, அனுப்பற கடிதம் வண்டியோட பதிவுப் பத்திரம் எந்த மொழியில இருக்கோ அந்த மொழியில, இல்லைன்னா வண்டி பதிவான நாட்டோட ஆட்சி மொழியில இருக்கணும்னு 2015-லயே உத்தரவு போட்டிருக்காங்க. நமக்கு? "உங்க வண்டி மேல வழக்கு"ன்னு தமிழ்ல ஒரு வரி அனுப்ப எத்தனை பைட் ஆகும்? எட்டாவது வரைக்கும் படிச்ச தறிக்காரருக்கு இங்கிலீஷ்ல பிரிவு எண்ணும் சுருக்கெழுத்துமா எஸ்.எம்.எஸ். வருது. நடுவுல திருட்டுப் பசங்க வேற, வாட்ஸப்ல சலான்னு ஒரு ஏபிகே ஃபைலை அனுப்பி, தொட்டா பேங்க் கணக்கைத் துடைக்கறாங்க. பொய்ச் சலான் படத்தோட, லட்சணமா வருது. நெசச் சலான் பொய்ச் சலானை விட மோசமா வருது. எதை நம்பறது?

எல்லை தாண்டினா வேக வரம்பே மாறுதுங்கறதும் இருக்கு. 2018 ஏப்ரல்ல மத்திய அரசு கார்களுக்கு எக்ஸ்பிரஸ்வேயில 120, நாலு வழிப்பாதையில 100-னு ஏத்துச்சு. 2021-ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பையே ரத்து பண்ணுச்சு. கேரளா 2023 ஜூலை 1-ல இருந்து நாலு வழி தேசிய நெடுஞ்சாலையில கார்களுக்கு 90-ல இருந்து 100-ஆ ஏத்தி, அதே கையோட பைக்குக்கு 70-ல இருந்து 60-ஆ இறக்குச்சு. சேலத்துல தொடங்கி கொச்சி வரைக்கும் ஒரே ரோடு, என்.எச். 544. அதுல ஓட்டறவன் எங்கெங்க என்ன வரம்புன்னு பலகையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். அந்தப் பலகை மரத்துக்குப் பின்னாடி இருந்தா, அதைச் சொல்றதுக்கும் அந்த ஊர்க் கோர்ட்டுக்குத்தான் போகணும்.

அப்புறம் இந்தத் தள்ளுபடிக் கூத்து. தெலங்கானாவுல 2022 மார்ச்ல பைக்குக்கு 75 சதவீதம், காருக்கு 50 சதவீதம் தள்ளுபடி. கர்நாடகாவுல 2023 பிப்ரவரியில 50 சதவீதம். கியூ கட்டி நின்னாங்க. ஆடித் தள்ளுபடி மாதிரி சட்டத்தை விக்கறாங்க. தேதிக்குள்ள ஒழுங்காக் கட்டினவன் முட்டாள். தப்பே பண்ணாம முழுசாக் கட்டினவன் அதைவிடப் பெரிய முட்டாள். கோடிக்கணக்கான ரூபாய் பாக்கியைப் பாதியாக் குறைக்க ஒரு ஆணை போதும்னா, ஒரு படத்தைத் திறந்து "இது கார், அது குட்டி யானை"ன்னு பார்க்கறதுக்கு அரை நிமிசம் கிடைக்காதா?

இணையத்துலயே ஆட்சேபணை சொல்லலாம், 45 நாள் கெடு, கெடு தாண்டினா ஒத்துக்கிட்டதா அர்த்தம்னு மத்திய அரசு 167-ஆவது விதியைத் திருத்தற வேலையில இறங்குச்சு. முதல் பாதியை நான் வரவேற்கறேன். ரெண்டாவது பாதியைப் படிச்சா பகீர்ங்குது. ஆர்.சி.-யில பத்து வருசத்துக்கு முந்தின செல் நம்பர் இருக்கும். எஸ்.எம்.எஸ். யாருக்கோ போகும். 45 நாள் கழிச்சு, வராத சலானை ஒத்துக்கிட்டவர் ஆயிருவோம்! அதுவும் போக, இந்த மாதிரி ஆட்சேபணையை முதல்ல விசாரிக்கறது சலான் போட்ட மாநிலத்தோட அதிகாரிதான். அவர் தள்ளிட்டா அப்புறம் கோர்ட்டு. எந்தக் கோர்ட்டு? திரும்பவும் அதே கோர்ட்டு, அதே பஸ்.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்லை. கேமராவை வச்சு மட்டும் போடற சலானுக்கு, வண்டி எங்க பதிவாகியிருக்கோ அந்த மாவட்டத்துக் கோர்ட்டுலயும் எதிர்க்கலாம்னு 166-க்குச் செஞ்ச மாதிரி ஒரு வரி சேர்க்கணும். இல்லை, அந்த மெய்நிகர் நீதிமன்றத்துலயே மூணாவதா ஒரு வழி வைக்கணும். பணம் கட்டறேன், ஆனா ஒத்துக்கலை, இந்தா என் ஆதாரம், படிச்சுட்டுச் சொல்லுங்கன்னு.

இது கேரளாவையோ கர்நாடகாவையோ திட்டற பேச்சும் இல்லை. அவினாசி ரோட்டுல நம்ம கேமரா ஒரு பாலக்காட்டுக்காரர் மேல தப்பா சலான் போட்டா அவர் நிலைமை என்ன? தறிக்குப் பதிலா ரப்பர் தோட்டம்னு வச்சுக்குங்க. அவரும் வேலையைப் போட்டுட்டு, தமிழ் தெரியாம, கோயமுத்தூர் கோர்ட்டு வாசல்ல வந்து நிக்கணும். நிக்க மாட்டார், கட்டிருவார். "கேரளாக்காரன்கிட்ட வசூல் பண்ணிட்டோம்"னு இங்க ஒருத்தர் சந்தோசப்படுவார். நம்ம அண்ணன் பணம் கட்டின அன்னைக்கு அங்க ஒருத்தர் சந்தோசப்பட்ட மாதிரியே.

பி.கு.: சலான் வந்தா லிங்க்கைத் தொடாதீங்க. நீங்களா பிரவுசர்ல பரிவாஹன் சலான் தளத்தைத் திறந்து (முகவரி கவ்.இன்-னு முடியணும்) வண்டி எண்ணையும், சேசிஸ் இல்லைன்னா எஞ்சின் எண்ணோட கடைசி அஞ்சு எழுத்தையும் போட்டுப் பாருங்க. படத்தைத் திறந்து பார்க்காம கட்டாதீங்க. ஆர்.சி.-யில பழைய செல் நம்பர் இருந்தா இந்த வாரமே மாத்திருங்க. அப்புறம், தயவு பண்ணி வாளையாருக்கு இந்தப் பக்கமும் பெல்ட் போடுங்க சாமி.